ஓடாத உயிரின் அரண்: கடற்பாசிகளின் வேதித் தற்காப்பு

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தின் வயல்வெளிகளில் நடந்து பழகியோர் ஒரு காட்சியைப் பன்முறை கண்டிருப்பர். கோடையில் வரப்புப் புல் கருகிவிடும். ஆடுகள் கிடைத்த தழையையெல்லாம் கறித்துத் தீர்க்கும். ஆனால் வேலியோரத்து ஆடாதொடை மட்டும் இலை குறையாமல் நிற்கும். பசித்த ஆடும் அதனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் செல்லும். ஆடு தொடாத இலை என்பதே அதன் பெயர்க்காரணம் என்று நம் முன்னோர் கூறுவர். 1753-இல் லின்னேயஸ் அச்செடிக்குச் சூட்டிய அறிவியற்பெயரிலும் அந்தச் சொல்லே இடம்பெற்றுள்ளது. தரிசு நிலத்தில் படரும் ஆடுதின்னாப்பாளையும் அத்தகையதே. பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு எனக் கைப்பு மிகுந்த காட்டுக் கொடிகளுக்குப் 'பேய்' என்னும் அடைமொழி தந்து, உண்ணத்தக்கவற்றினின்றும் அவற்றைப் பிரித்து வைத்ததும் நம் மொழியே ஆகும்.

இப்பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல. ஓடவும் ஒளியவும் இயலாத உயிர்கள், தம்மைத் தின்ன வருவனவற்றை வேதிப்பொருள்களைக் கொண்டே தடுக்கின்றன என்னும் அறிவு அவற்றுள் பொதிந்து கிடக்கின்றது. ஆடாதொடையின் கைப்புக்கு வாசிசின் முதலான காரப்பொருள்கள் காரணம் என்று இன்றைய வேதியியல் கூறுகின்றது. பெயரிட்டவர் அப்பொருளை அறியார். அதன் பயனை அறிந்திருந்தார்.

நிலத்துச் செடிகள் கொண்ட இவ்வரணைக் கடலடியில் வாழும் பாசிகளும் கொண்டுள்ளனவா? கொண்டுள்ளன எனில் அது எவ்வாறு இயங்குகின்றது? அதனை அறிவதால் கழனியையும் கடலையும் நம்பி வாழும் நமக்கு என்ன பயன்? இவற்றை ஈண்டு காண்போம்.

கழனியிலிருந்து கடலுக்கு

மருதமும் நெய்தலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலம் நம்முடையது. நம் ஊரிலிருந்து முத்துப்பேட்டைக்குப் பேருந்தில் சென்றால், நெல்வயல்கள் முடிந்து உப்பளங்களும் சேற்று நிலங்களும் தொடங்குவதைக் காணலாம். கோரையாறும் பாமணியாறும் கடலொடு கலக்கும் அக்கழிமுகத்தில் அலையாத்திக் காடு விரிந்துள்ளது. அங்கே நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு நேரும் என்பதனைக் கழிமுக மக்கள் நன்கு அறிவர். வரப்பில் தொடங்கிய தற்காப்பு கடலின் வாயில் வரை தொடர்வதற்குத் தில்லையே சான்று.

முத்துப்பேட்டைக் கரையை அடுத்த கடல் சேற்றுத்தரையை உடையது. கடற்பாசிக்கு வேர் இல்லை. பற்றுறுப்பு ஒன்றே உண்டு. அது பாறையையோ பவளக்கல்லையோ பற்றிக்கொண்டுதான் வளரும். ஆதலின் பாசிகளின் செழிப்பைக் காண விழைவோர் கரைவழியே தெற்கே சென்று மண்டபத்தையும் பாம்பனையும் அடைதல் வேண்டும். அங்கேதான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் தொடங்குகின்றன. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார், பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927-இலேயே எழுதியுள்ளார். அத்தீவுப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

பாசி வேறு, கடற்புல் வேறு என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம். கடற்புல் வேரும் பூவும் உடையது. ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வது அதனைத்தான். கடற்பாசிகளோ பூவாதவை. அவற்றைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என நிறத்தால் மூவகைப்படுத்துவர். இந்தியக் கடல்களில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பாசியினங்கள் கண்டறியப்பட்டுள்ளன. கரையோர மக்கள் அவற்றுள் பயன்படுவனவற்றுக்கு இனிய தமிழ்ப்பெயர்களை இட்டுள்ளனர். அகர் எடுக்க உதவும் செலிடியெல்லா மரிக்கொழுந்துப் பாசி ஆயிற்று. கிராசிலேரியா கஞ்சிப்பாசி ஆயிற்று. சர்காசம் கட்டக்கோரை ஆயிற்று. முரட்டு வடிவுடைய டர்பினேரியா பக்கடாப் பாசி ஆயிற்று.

மேய்வோர் பலர்

நிலத்தில் ஆடுமாடு மேய்வது போலக் கடலிலும் மேய்ச்சல் உண்டு. ஓரா மீனும் கிளிமீனும் பகல் முழுதும் பாசியைக் கறித்து உண்கின்றன. கடல் முள்ளெலிகள் பாறையைச் சுரண்டித் தின்கின்றன. நத்தைகளும், கடல் முயல் எனப்படும் ஓடற்ற மெல்லுடலிகளும், இறாலினத்தைச் சார்ந்த சிற்றுயிர்களும் தத்தம் பங்கைப் பெறுகின்றன. பவளப்பாறைக் கடலில் பாசிகளின் விளைச்சலில் பெரும்பகுதி இவற்றின் வயிற்றுக்கே செல்கின்றது. இத்துணை வாய்களுக்கும் நடுவே பாசியினங்கள் அழிந்தொழியாமல் நிலைத்திருப்பது எங்ஙனம்? சில பாசிகள் தின்னத் தின்ன விரைந்து வளர்கின்றன. சில, மீன் புகாத இடுக்குகளில் ஒதுங்குகின்றன. பல, வேதிப்பொருளை அரணாகக் கொள்கின்றன.

நால்வகை அரண்கள்

முதலாவது துவர்ப்பு. கட்டக்கோரை, பக்கடாப் பாசி முதலான பழுப்புப் பாசிகளில் புளோரோடானின் என்னும் பொருள் உள்ளது. கொட்டைப்பாக்கையும் கடுக்காயையும் மெல்லும்போது நாக்கு இழுப்பதற்குக் காரணமான டானின் பொருள்களின் உறவு அது. இத்தகைய பொருள்கள் புரதத்தோடு பிணையும் இயல்பின. ஆதலால் உண்ட பாசி எளிதிற் செரிப்பதில்லை. பக்கடாப் பாசியோ இத்துவர்ப்போடு முள்விளிம்பையும் தோல் போன்ற தடிப்பையும் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது கைப்பும் நஞ்சும். டிக்டியோட்டா என்னும் பழுப்புப் பாசி டைடர்பீன் வகைப் பொருள்களால் மீன்களை விலக்குகின்றது. சிவப்புப் பாசியான லாரன்சியா, கடல்நீரிலுள்ள புரோமினையும் குளோரினையும் தன் பொருள்களோடு இணைத்துப் புதிய படைக்கலங்களை ஆக்குகின்றது. நிலத்துச் செடிகளில் இத்தகைய பொருள்கள் மிக அரிது. சூழ்ந்திருக்கும் உப்புநீரையே ஆயுதக்கிடங்காகக் கொண்டது கடற்பாசியின் தனிச்சிறப்பு.

மூன்றாவது அமிலம். குளிர்கடல்களில் வாழும் டெஸ்மரெஸ்டியா என்னும் பாசியினங்களுள் சில, தம் உயிரணுக்களின் குமிழ்களில் கந்தக அமிலத்தையே தேக்கி வைத்துள்ளன. அவற்றைப் பிற பாசிகளோடு ஒரே வாளியில் இட்டால் அமிலம் கசிந்து அனைத்தும் கெடும் என்பது பாசி சேகரிப்போர் அறிந்த செய்தி.

நான்காவது, கடித்த பின்னரே உருவாகும் அரண். பச்சைப்பாசியான ஹாலிமெடா, வலுக்குறைந்த ஒரு பொருளையே தன்னுள் வைத்திருக்கும். மீன் கடித்த நொடிகளில் அப்பொருள் வலிய விலக்கியாக மாறுகின்றது. கௌலெர்ப்பா என்பதோ முழம் முழமாகப் படர்ந்தாலும் உள்ளே தடுப்புச்சுவர் இல்லாத ஒற்றை உயிரணு. ஓரிடத்தில் கடிபட்டால் உள்ளிருக்கும் சாறெல்லாம் வெளியேறிவிடும் நிலை அதற்கு உண்டு. அதன் கௌலெர்ப்பினைன் என்னும் பொருள் காயம்பட்டவுடன் சிதைந்து, புரதங்களை ஒட்டி இறுக்கி, புண்வாயை அடைக்கும் பசையாகின்றது. தின்ன வருபவரை விலக்கும் நஞ்சே புண்ணுக்கு மருந்துமாகும் விந்தை இது.

ஹாலிமெடாவின் மற்றொரு திறமும் எண்ணி மகிழத்தக்கது. அது தன் புதுத்தளிரைப் பகலில் விடுவதில்லை. பாறைமீன்கள் உறங்கும் இரவில், நிறமற்ற வெண்தளிராக அதனை வெளியிடுகின்றது; விடியற்காலையில்தான் அதற்குப் பச்சையம் ஏறுகின்றது. இளந்தளிரில் சுண்ணாம்பு இல்லை. ஆதலால் அங்கே நஞ்சு மிகுதி. முதிர்ந்த பகுதியில் சுண்ணாம்பு இறுகியுள்ளது. ஆதலால் அங்கே நஞ்சு குறைவு. எவ்விடத்தில் எவ்வரண் வேண்டுமோ அவ்விடத்தில் அது மட்டும்.

தீண்டல் அறியும் உயிர்

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவுடையன என்று கொண்டது. அவ்வோர் அறிவு தீண்டலை உணர்தல். பாசி, புல்லினமும் அன்று மரமும் அன்று. ஆயினும் தீண்டலை அறியும் திறத்தில் அதுவும் அவற்றொடு ஒப்ப நிற்கின்றது.

வடகடலோரப் பாறைகளில் வளரும் அஸ்கோபில்லம் என்னும் பழுப்புப் பாசியைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒருவகைக் கடல்நத்தை மேய்ந்தபின் அப்பாசியில் புளோரோடானின் அளவு உயர்ந்தது. கருவியால் வெட்டியபோது அவ்வாறு உயரவில்லை. வேறொரு சிற்றுயிர் மேய்ந்தபோதும் உயரவில்லை. பாசி வெறும் காயத்தை மட்டும் உணரவில்லை. காயப்படுத்திய வாய் எதுவென்பதையும் வேறுபடுத்தி அறிகின்றது எனலாம். மேலும், மேயப்பட்ட பாசியைத் தழுவி வரும் நீர் பட்டாலே, அருகிலிருக்கும் மேயப்படாத பாசியும் தன் அரணை உயர்த்திக்கொள்கின்றது. ஓரறிவின் உள்ளே இத்துணை நுட்பம் அடங்கியிருப்பது வியப்பிற்குரியது.

அரணுக்கும் விலை உண்டு

ஆபத்து நேரும்போது மட்டும் அரணை உயர்த்துவானேன்? எப்போதும் உயர்த்தியே வைத்திருக்கலாகாதா என்னும் வினா எழுதல் இயல்பு. விடை எளிது. அரண் கட்டுதல் இலவசம் அன்று. துவர்ப்புக்கும் நஞ்சுக்கும் செலவிடும் ஆற்றல், வளர்ச்சியிலிருந்தும் இனப்பெருக்கத்திலிருந்தும் கழிக்கப்படுவதாகும். மதிலுக்கே செல்வத்தையெல்லாம் செலவிட்ட அரசனின் களஞ்சியம் வறிதாவது போன்றது இது.

உலகின் இரு கடல்களை ஒப்பிட்டு 1995-இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகின்றது. வட பசிபிக் கடலில் கடல் நீர்நாய்கள் வாழ்கின்றன. அவை முள்ளெலிகளைத் தின்றுவிடுவதால் அங்குள்ள பெரும்பழுப்புப் பாசிகளுக்கு மேய்ச்சல் தொல்லை குறைவு. அவற்றில் புளோரோடானினும் குறைவு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கடல்களில் நீர்நாய்கள் இல்லை. அங்கே முள்ளெலிகளின் மேய்ச்சல் மிகுதி. அங்குள்ள பாசிகளில் புளோரோடானின் பன்மடங்காக உள்ளது. காவலர் உள்ள ஊரில் வீட்டுக்கதவின் தாழ் மெல்லியது; காவலர் இல்லாத ஊரில் அது தடித்தது. இயற்கை தேவைக்கு மேல் செலவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நஞ்சையே நலமாக்குவோர்

எவ்வரணையும் கடப்பவர் உண்டு. எருக்கிலையை ஆடு தின்னாது. ஆனால் வரிவரியான ஒருவகைப் புழு அதனைத் தின்று கொழுத்து வண்ணத்துப்பூச்சியாகும். எருக்கின் நஞ்சை உடலில் தேக்கிக்கொள்வதால் பறவைகள் அப்பூச்சியை வெறுக்கின்றன. கடலிலும் இதே கதை நிகழ்கின்றது. கடல் முயல், லாரன்சியா போன்ற சிவப்புப் பாசிகளை மேய்ந்து அவற்றின் பொருள்களைத் தன் உடலில் சேர்த்து வைக்கின்றது. பகைவர் தீண்டினால் அது வெளியிடும் செவ்வூதா மையும் சிவப்புப் பாசியின் நிறமியிலிருந்து கிடைத்ததே. கரீபியக் கடலில் இறாலினச் சிற்றுயிர் ஒன்று, மீன்கள் விலக்கும் டிக்டியோட்டாத் துண்டுகளை வெட்டிக் கூடாக்கி அதனுள் குடியிருக்கின்றது.

மனிதனும் இவ்வரிசையில் வந்து நிற்கின்றான். சப்பான் நாட்டார் டைஜீனியா என்னும் சிவப்புப் பாசியைக் குடற்புழு மருந்தாக நெடுங்காலம் பயன்படுத்தினர். அதன் செயற்பொருளான கைனிக் அமிலம் 1950-களில் பிரித்தெடுக்கப்பட்டு, நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் இன்றியமையாத பொருளாயிற்று. அஸ்பராகாப்சிஸ் என்னும் சிவப்புப் பாசி தன் சுரப்பணுக்களில் தேக்கும் புரோமோபாரம், கால்நடையின் இரைப்பையில் மீத்தேன் வளி உண்டாவதைப் பெரிதும் தடுக்கின்றது என்பதை 2014-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. எனினும் அது நஞ்சு வகையைச் சார்ந்ததாதலின் அளவறிந்தே கையாளுதல் வேண்டும்.

அரண் இழந்த பயிர்

இதுகாறும் கண்டவற்றால் நாம் அடையும் முடிவு ஒன்று உண்டு. மனிதன் தன் நாவுக்கு ஏற்ற பயிரைத் தெரிந்தெடுக்கும் போதெல்லாம் அப்பயிரின் அரணைக் குறைக்கின்றான். பேய்ச்சுரையின் கைப்பை நீக்கியே நாட்டுச்சுரையைப் பெற்றோம். கைப்பு போன இடத்தில் காவல் நம் கடமையாயிற்று. பயிர் தானே செய்த வேலையை உழவன் செய்ய வேண்டியதாயிற்று.

கடலில் இதற்குக் கண்கூடான சான்று உண்டு. கப்பாபைக்கஸ் என்னும் சிவப்புப் பாசி, கேரகீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காக உலகெங்கும் வளர்க்கப்படுவது. சப்பானிலிருந்து பெறப்பட்ட விதைப்பாசி 1984-இல் குசராத்துக் கடற்கரையிலும், 1990-களின் இடையில் மண்டபத்திலும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தாரால் ஆய்வுக்காக வளர்க்கப்பட்டது. 2000-க்குப் பின் குளிர்பான நிறுவனம் ஒன்று வணிகமுறையில் ஈடுபட்டதால் கரையோர மக்கள் அதனைப் 'பெப்சிப் பாசி' என்றே அழைத்தனர். மூன்று மீட்டர் சதுரமான மூங்கில் தெப்பங்களில் 45 நாளில் அறுவடைக்கு வரும் இப்பயிர், மீனவப் பெண்கள் பலருக்கு வருவாய் தந்தது. ஆனால் மேலே கண்ட கைப்பும் நஞ்சும் இதனிடம் மிகுதியாக இல்லை. ஓரா மீன்கள் இதனை விரும்பித் தின்றன. ஆகவே தெப்பத்தின் அடியில் வலை கட்ட வேண்டியதாயிற்று. பாசி கட்டாத அரணை மனிதன் வலையாகக் கட்டினான்.

வலை கட்டுவதோடு கடமை முடிவதில்லை. விரைந்து வளர்வதும், முறிந்த சிறுதுண்டிலிருந்தே மீளத் தழைப்பதும் இப்பாசியின் இயல்பு. குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்களின்மேல் இது படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் 2008-இல் வெளிப்படுத்தினர். பின்னர்க் கையால் அகற்றும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. 2013-க்குப் பின் நீரின் வெப்பம் உயர்ந்தபோது பயிரே பெருமளவில் அழிந்து, அதனை நம்பிய குடும்பங்கள் இடர்ப்பட்டன. பாசி வளர்ப்பு கூடாது என்பது நம் கருத்தன்று. ஒரே பயிரை, அதன் இயல்பு அறியாமல், எவ்விடத்தும் பரப்புதல் கூடாது என்பதே நாம் வலியுறுத்துவது.

மீன் குறைந்தால் பவளம் குறையும்

வேறொரு கேட்டையும் நாம் அறிதல் வேண்டும். வேதியரண் மிகுந்த பாசிகளுள் சில, பவளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்பவளத்தை வெளிற வைத்துக் கொல்கின்றன. பிஜித் தீவிலும் பனாமாவிலும் நிகழ்ந்து 2010-இல் வெளிவந்த ஆய்வு இதனைக் காட்டியது. பாசியை அளவில் வைத்திருப்பவை மேயும் மீன்களே. ஆனால் எல்லா மீனும் எல்லாப் பாசியையும் தின்பதில்லை. ஒரு மீன் வெறுக்கும் பாசியை மற்றொரு மீன் தின்னும். ஆதலால் பலவகை மீன்கள் இருந்தால்தான் பலவகைப் பாசிகளும் அளவில் நிற்கும். கிளிமீனும் ஓராவும் அளவின்றிப் பிடிக்கப்பட்டால் பாசி மிகும். பாசி மிகுந்தால் பவளம் நலியும். பவளம் நலிந்தால் மீன் பெருகும் இடம் இல்லாது போகும். இழப்பு மீண்டும் மீனவர் வலைக்கே வந்து சேரும். 2010-லும் 2016-லும் வெப்பத்தால் வெளிறி இழப்புற்ற மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு இது கூடுதல் சுமை.

அளவறிந்து வாழ்வோர் நம்மிடையே உண்டு. மன்னார் வளைகுடாவில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் கிள்ளுவது எனத் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். அவர்களுள் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சார்ந்த ஒருவருக்குச் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பு 2015-இல் பரிசளித்துப் பெருமைப்படுத்தியது.

நம் வயலுக்கு ஒரு பாடம்

கழனியின் நிலையும் இதனின் வேறன்று. மிகுவிளைச்சலை நாடிய நாம், காவலுக்கு நச்சுத் தெளிப்பான்களை நம்பினோம். அவ்வாறு நம்பிய நஞ்சுகளுள் ஒன்றான எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011-இல் தடை செய்ய வேண்டியதாயிற்று. இதற்கு மாற்று வழியைக் காட்டியவர்களும் நம் வட்டாரத்தில் வாழ்ந்தனர். 2013-இல் மறைந்த நம்மாழ்வார் ஊர்தோறும் நடந்து இயற்கை வேளாண்மையைப் பரப்பினார். 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன், நம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்கள் நடத்தி, மரபு நெல் வகைகளை உழவர்களின் கைகளுக்கு மீட்டளித்தார். ஆடாதொடை, நொச்சி, எருக்கு, வேம்பு ஆகிய தழைகளை ஊறவைத்துத் தெளிக்கும் பூச்சிவிரட்டியை இன்று பல உழவர்கள் பயன்படுத்துகின்றனர். ஆடு தொடாத இலையின் அரணை நெற்பயிருக்கு இரவல் தரும் முறையே அது. வேதியரணைப் பற்றிய அறிவு, ஏட்டில் ஏறுவதற்கு முன்னரே வரப்பில் வழங்கி வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் உளர். கடற்கரையூர்ப் பிள்ளைகளும் உளர். ஆடு தின்னாத தழைகள் யாவை என்று உங்கள் பாட்டியாரைக் கேளுங்கள். எம்மீன் எப்பாசியைத் தின்னும் என்று கடலுக்குச் செல்லும் பெரியவரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை ஊர்ப்பெயருடனும் ஆண்டுடனும் குறித்து வையுங்கள். வேதியியல் மாணவர் அப்பெயரின் பின்னுள்ள பொருளை ஆராயட்டும். தமிழ் மாணவர் அப்பெயர் அழியாமல் காக்கட்டும். பெயர் மறைந்தால் அதனுள் இருந்த அறிவும் உடன் மறையும். ஓடாத உயிர்கள் தமக்குத் தாமே அரண் கட்டிக்கொண்டன. அவற்றைப் பற்றிய அறிவுக்கு அரண் கட்ட வேண்டியவர்கள் நாமே.